102 விழுக்காடு எரிபொருள்

சில ஆண்டுகளுக்கு முன் சரக்கு வாகனங்களின் தரவுகளையெல்லாம் ஒரே திரையில் காட்டும் மென்பொருளை உருவாக்கும் பணி எங்கள் குழுவிடம் வந்தது. அந்த வாகனங்களில் இரண்டு நிறுவனங்களின் டெலிமேட்டிக்ஸ் கருவிகள், அதாவது வண்டியின் தரவைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பும் கருவிகள், பொருத்தப்பட்டிருந்தன. இரண்டும் வண்டியின் மின்னணுப் பாகங்கள் தமக்குள் தகவல் பரிமாறும் கம்பி இணைப்பான கேன் பஸ்ஸிலிருந்தே தரவை எடுத்ததால், இணைப்பது எளிது என்று நம்பித் தொடங்கினோம்.

முதல் வாரத்திலேயே ஒரு லாரியின் டேங்கில் 102 விழுக்காடு எரிபொருள் இருப்பதாகத் திரை காட்டியது. சென்சார் பழுது என்று எண்ணி இரண்டு நாட்கள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. கனரக வாகனங்களில் தரவை எப்படி அனுப்புவது என்று வரையறுக்கும் ஜே1939 தரத்தில் எரிபொருள் அளவுக்கு ஒரே ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண்; ஒவ்வோர் எண்ணுக்கும் 0.4 விழுக்காடு; 0 முதல் 250 வரை உண்மையான அளவுகள்; 255 என்று வந்தால் "தகவல் இல்லை" என்று பொருள். கருவி அந்த 255-ஐயும் 0.4-ஆல் பெருக்கி அனுப்பியிருந்தது. தரம் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆனால் கருவிக்கும் சர்வருக்கும் இடையே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு தரவு வடிவம் வைத்திருந்ததால், அந்தத் தெளிவு வழியிலேயே தொலைந்துபோனது.

102 என்பது கண்ணில் பட்டுவிட்டது. வேகத்தில் இருந்த தவறு அப்படிப் படவில்லை; எனக்கு இன்றும் வருத்தம் தருவது அதுதான். ஒரு கருவி சக்கரச் சுழற்சியிலிருந்து கிடைத்த வேகத்தையும், மற்றொன்று ஜிபிஎஸ் வேகத்தையும் அனுப்பின. இரண்டுக்கும் பெயர் "வேகம்", அலகு மணிக்குக் கிலோமீட்டர். திடீர் பிரேக் எச்சரிக்கைகள் இவற்றைக் கொண்டே கணக்கிடப்பட்டதால், ஒரே மாதிரி வண்டி ஓட்டியவர்களில் ஒரு நிறுவனத்தின் கருவி இருந்த வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு மட்டும் எச்சரிக்கைகள் குவிந்தன. அவர்களிடம் விளக்கம் கேட்கப்பட்ட பிறகே நாங்கள் தவற்றைக் கண்டறிந்தோம்.

அதன் பின் இரு நிறுவனங்களும் ஏற்கக்கூடிய பொதுத் தரவு வடிவத்தை எழுதும் குழுவில் சேர்ந்தேன். பெயர்களுக்கும் அலகுகளுக்கும் வாகனத் தரவுக்குப் பொதுத் தரங்களை உருவாக்கும் கோவெசா அமைப்பின் திறந்த சிக்னல் பட்டியலைப் பின்பற்றலாம் என்பதில் விரைவாக உடன்பாடு ஏற்பட்டது. ஒவ்வோர் அளவும் எங்கிருந்து, எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்பதையும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்டபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. செய்தியின் நீளம் கூடும், மொபைல் டேட்டா செலவு ஏறும் என்றார்கள். நியாயமான கவலைதான்.

பதிலாக, விபத்து நேர்ந்தால் கார் தானாகவே அவசர உதவியை அழைக்கும் ஈகால் அமைப்பை எடுத்துக்காட்டினேன். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வகைக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட அந்த விபத்து அழைப்பு, வண்டியின் அடையாளம், நேரம், இருப்பிடம், செல்லும் திசை எல்லாவற்றையும் அதிகபட்சம் 140 பைட்டுகளுக்குள் அனுப்புகிறது. அந்தச் சிறிய இடத்திலும், தான் சொல்லும் இருப்பிடத்தை நம்பலாமா கூடாதா என்று சொல்ல ஒரு பிட்டை அதை வடிவமைத்தவர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எதிர்ப்பு தணிந்தது. எங்கள் வடிவத்தில் வேகத்துக்கு மூலமும் நேரமும் கட்டாயமாயின. தகவல் இல்லாத அளவு செய்தியில் இடம்பெறவே கூடாது என்றும் எழுதினோம். பழைய கருவிகளின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை அவற்றிலிருந்து வரும் வேகத்தை வைத்து எந்த ஓட்டுநருக்கும் எச்சரிக்கை அனுப்பக் கூடாது என்று நிறுத்திவைத்திருக்கிறோம்.