ஆர்விக்குத் தமிழில் ஒரு பெயர்: குடில்வண்டியை முன்வைக்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தெற்கே, செம்பாறைப் பாலைவனம் வழியாக ஆர்வியில், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணிக்கும் வண்டியில், போய்வந்ததைத் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பகுதியைப் படித்த நண்பர்கள், "ஆர்வி ஆர்வி என்றே எத்தனை பக்கம் எழுதுவீர்கள், ஒரு தமிழ்ச் சொல் வேண்டாமா?" என்று கேட்டது நியாயம்தான். வந்த பரிந்துரைகளை எல்லாம் எழுதும் பத்திகளில் போட்டுப் பார்த்தேன். எனக்குப் பிடிபட்டது குடில்வண்டி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

> ஆங்கிலத்தில் உள்ளதை அப்படியே 'பொழுதுபோக்கு ஊர்தி' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

இதில் எனக்கு உடன்பாடில்லை. பொழுதுபோக்கு ஊர்தி என்றதும் பொருட்காட்சித் திடலில் ஓடும் குட்டி ரயில்தான் நம்மவர் நினைவுக்கு வரும். உள்ளே அடுப்பும் கட்டிலும் கழிப்பறையும் இருக்கின்றன என்ற செய்தி அந்தப் பெயரில் எங்குமே இல்லை.

கேரவன் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஒப்பனை போடவும் ஓய்வெடுக்கவும் நிற்கிற வண்டி அது. போதாக்குறைக்கு பிரிட்டனில் கேரவன் என்றால் பெரும்பாலும் காருக்குப் பின்னால் இழுத்துப் போவதுதான். 'நடமாடும் வீடு' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு நேராக வேறொரு பொருள் ஏற்கெனவே உண்டு: தொழிற்சாலையில் கட்டி, ஒருமுறை இழுத்துவந்து வைத்துவிட்டு, அப்புறம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் வீடு. அப்புறம், 'நடமாடும்' என்றாலே நமக்கு நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை என்று சேவை தேடிவரும் வண்டிகள்தான். 'வீட்டு வண்டி' என்பதோ பேச்சு வழக்கில் வாடகைக்கு விடாத சொந்த வண்டி. ஆக எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் இடிக்கின்றன.

பெயரில் குடியிருப்பு தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம், செம்பாறை நாட்டில் இந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, வீடு நடத்துவது. ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் இருக்கும் முகாம் திடலில் வண்டிக்கு மின் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. கொண்டுபோன தண்ணீர், கொண்டுபோன மின்கலம், கொண்டுபோன எரிவாயு, அவ்வளவுதான். நிறுத்தியதும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. சக்கரத்துக்கு அடியில் கட்டைகளை வைத்து ஏற்றி இறக்கி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை விட மாட்டார்கள். சாய்ந்து தூங்க முடியாது என்பதற்காக மட்டும் இல்லை. எரிவாயுவில் ஓடும் பழைய வகைக் குளிர்பெட்டிக்குள் அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே வழிந்து திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் அது தேங்கிவிடும், குளிர் நின்றுபோகும், நாளாவட்டத்தில் பெட்டியே கெட்டுவிடும்.

கழிவு வேறு. கழிப்பறை நீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய, குளித்த நீருக்கு இன்னொரு தொட்டி. இறக்கும் இடத்துக்குப் போனால் முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அப்புறம் கழுவுநீரைத் திறந்தால் அது குழாயை அலசிக்கொண்டு போகும். இந்த வரிசையைப் பக்கத்து வண்டிப் பெரியவர் ஒருவர்தான் நின்று காட்டிக்கொடுத்தார். காலடியில் எல்லாம் அந்தச் சிவப்பு மணல். மணற்கல்லின் துகள்களில் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் வரும் நிறம் அது. கதவின் தண்டவாளம், படுக்கை விரிப்பு, காப்பித் தூள் டப்பாவின் மூடி என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் வீட்டு வேலை, இல்லையா?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டி நினைவுக்கு வந்தது. உமணர்கள் குடும்பத்தோடு உப்பு விற்கப் போகும் வண்டி அது. அதில் கோழி அடையும் கூடு இருக்கிறது, சிறிய உரல் தொங்குகிறது, காடி வைத்த கலம் கட்டியிருக்கிறது, கைக்குழந்தைக்காரி எருதுகளை ஓட்டுகிறாள். அந்தக் கூண்டைப் புலவர் எதற்கு ஒப்பிடுகிறார் தெரியுமா? யானையை விரட்டக் காவல் இருப்பவர்களின் குரம்பைக்கு. குரம்பை என்றால் குடில். வீட்டுப் பொருளோடு ஊர் ஊராகப் போகும் வண்டியைப் பார்த்ததும் தமிழில் ஒருவருக்குக் குடில்தான் தோன்றியிருக்கிறது! எனக்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

> குடில் என்றால் கூரை வேய்ந்தது, அல்லது கிறிஸ்துமஸ் குடில். இத்தனை வசதியான வண்டிக்குப் பொருந்துமா?

ஐயாவின் தயக்கம் புரிகிறது. ஆனால் சுற்றுலா விடுதிகளில் குளிர்சாதனம் போட்ட தனி அறைகளைக்கூட இன்று குடில் என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். கூரை ஓலையா தகடா என்பதைவிட, சிறியது, நிலையில்லாதது, தங்குவதற்கானது என்ற மூன்றும்தான் அந்தச் சொல்லில் முன்னே நிற்கின்றன. 'குடிவண்டி' என்று சுருக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம், குடிபோதை நினைவு வந்துவிடும். குடிலூர்தி என்பதும் சரியான ஆக்கமே, ஆனால் வாயில் வருவது வண்டிதான்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதைச் சாலைப் பலகையில் எழுதிப் பார்ப்பது. யூட்டாவின் 261ஆம் சாலையில் மோக்கி டக்வே என்ற இறக்கம் இருக்கிறது. யுரேனியத் தாது ஏற்றிவர 1950களில் மலை விளிம்பை வெட்டிப் போட்ட பாதை. தார்ச்சாலை சட்டென்று முடிந்து, சரளைக்கல்லில் கொண்டையூசி வளைவுகளாக ஏறத்தாழ 3 மைலுக்குள் 1,200 அடி கீழே விழுகிறது. 28 அடிக்கு மேல் நீளமோ 10,000 பவுண்டுக்கு மேல் எடையோ உள்ள வண்டிகள் இறங்க வேண்டாம் என்பது அங்கே அறிவுரை. 'குடில்வண்டிகளுக்கு ஏற்ற பாதை இல்லை' என்று எழுதினால் ஓட்டுநர் ஒரே பார்வையில் படித்துவிடுவார். 'பொழுதுபோக்கு ஊர்திகள்' என்று படித்து முடிப்பதற்குள் முதல் வளைவு வந்துவிடும்.

சொல் கிளைக்கவும் வேண்டும். காரின் பின்னால் இழுத்துப் போவது இழுகுடில். வண்டிகள் நிற்குமிடம் குடில்திடல். கழிவை இறக்குமிடத்தைக் கழிவிறக்கு நிலையம் எனலாம். எந்த இணைப்பும் இல்லாமல் பொது நிலத்தில் வண்டியை நிறுத்தித் தங்கும் பூண்டாக்கிங்குக்கு மட்டும் வேர்ச்சொல்லைத் தேடிப் போக வேண்டாம்; ஆங்கிலமே அதைப் பிலிப்பைன்சின் தகலாகு மொழியில் மலைக்கு உள்ள சொல்லிலிருந்து எடுத்தது. அதற்கு 'வெட்டவெளித் தங்கல்' என்று வைத்துக்கொள்கிறேன். நடுவண் அரசின் நிலத்தில் பொதுவாக 14 நாள்வரை அப்படித் தங்கவிடுவார்கள். மோவாப் ஊரைச் சுற்றி மட்டும் குறித்த இடங்களில்தான் நிறுத்த முடியும்.

இனி பாறைகள். ஆர்ச் (நடுவில் ஓட்டை விழுந்த பாறை வளைவு), இயற்கைப் பாலம் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்று எழுதியிருந்த நண்பருக்கு: போதாது. யூட்டாவிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பூங்கா. பாலம் என்பது ஓடும் ஆறு சுவரைக் குடைந்து வழி திறந்தது. 1908இல் அறிவித்த நேச்சுரல் பிரிட்ஜஸ் பகுதியில் சிபாப்பு, கச்சினா, ஓவாச்சோமோ என்று மூன்று நிற்கின்றன. ஆர்ச்சுக்கு ஆறு வேண்டாம். மழைநீரும் பனிக்கட்டியும் மெல்லிய பாறைச் சுவரை உதிர்த்து உதிர்த்து ஓட்டை போடுகின்றன. ஆர்ச்சஸ் பூங்காவில் ஏதாவது ஒரு திசையில் 3 அடி திறந்திருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். அப்படியே 2,000க்கு மேல் இருக்கின்றன. உதிர்வது இன்னும் நிற்கவில்லை. 1991இல் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் அடியிலிருந்து பெரிய பலகை ஒன்று பெயர்ந்தது, 2008இல் வால் ஆர்ச் முழுதாகவே இடிந்து விழுந்தது.

திருமலைக்குப் போனவர்கள் சிலாதோரணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இயற்கை செய்த ஆர்ச்தான். மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள், நாம் கல்தோரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். கற்றோரணம் என்று புணர்த்தினால் படிக்கிறவர் தடுக்கி விழுவார், பிரித்தே எழுதுவோம். இன்னொன்றுக்கு இயற்கைப் பாலம் இருக்கட்டும். உச்சி தட்டையாக உள்ள மெசாவுக்கு மேசைக்குன்று என்பதில் யாருக்கும் மறுப்பில்லை என்று நினைக்கிறேன். நம் மேசை போர்த்துகீசியர் தந்தது, அந்தக் குன்றின் பெயர் ஸ்பானியர் வைத்தது, இரண்டும் ஒரே வேர். அகலம் தேய்ந்து ஒல்லியாக நிற்பது ஊசிப்பாறை. ஆள் நுழையும் அகலமே உள்ள ஆழமான பள்ளத்தாக்குக்குச் சங்கத் தமிழின் 'விடர்' பொருந்தும்.

சிக்கிக்கொண்டிருப்பது யூட்டாவின் இன்னொரு பூங்காவான பிரைஸ் கேன்யனின் ஹூடூ. பகலில் உருகி இரவில் உறையும் நீர் வெடிப்புகளுக்குள் விரிந்து பாறையைப் பிளக்க, உச்சியில் கெட்டியான கல் தொப்பி காத்த தூண்கள் மட்டும் கூட்டமாக எஞ்சுகின்றன. தூண்பாறை என்றால் கொடைக்கானல் நினைவு வரும், அதன் உருவமே வேறு. அங்கத்திய பழங்குடிகளான பையூட் மக்கள் இவற்றைக் கல்லாய்ச் சமைந்த மனிதர்கள் என்கிறார்கள். அந்தப் பொருளை வைத்து ஒரு சொல் அமைக்க முடியுமா என்று முயன்றேன், 'சமைகல்' அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறது. இப்போதைக்கு வரைவில் 'தொப்பித்தூண்' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். இரண்டாம் பகுதி முழுக்க பிரைஸ்தான். சொல் அமைந்ததும் அனுப்பிவிடுவேன்.