லமேட்டா பாறைகள்: கடற்கரையா, உள்நாட்டுச் சதுப்பா?

கடலோடி:
ஜபல்பூர் பக்கம் நர்மதைக் கரையில் உள்ள லமேட்டா அடுக்குகளை 'டைனோசர் காலத்துச் சதுப்பு' என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அடியில் உள்ள பச்சை மணற்கல்லில் கிளாக்கோனைட் இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. அது பெரும்பாலும் கடலடியில் உருவாகும் கனிமம். நண்டு வளை போன்ற துளைகளும் உண்டு. மேற்கே மத்தியப் பிரதேசத்தின் பாக் (Bagh) பகுதியில் கடல் புகுந்தது எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். இன்னும் கொஞ்சம் கிழக்கே வந்திருக்கக் கூடாதா?

சுக்கான்கல்:
பாக் கடல் லமேட்டாவைவிட ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் மூத்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நண்டைப் பற்றி என்ன சொல்ல? நம் வயல் வரப்பில் நண்டு வளை தோண்டுவதில்லையா? துளையை மட்டும் பார்த்து உப்புத் தண்ணீர் என்று முடிவு கட்ட முடியாது.

நீங்கள் அடி அடுக்கிலேயே நின்றுவிட்டீர்கள், சார். அதற்கு மேலே கீழ்ச் சுண்ணாம்புக்கல், முடிச்சு முடிச்சான புள்ளி அடுக்கு, மேல் சுண்ணாம்புக்கல் எல்லாம் இருக்கின்றன. நிலவியலாளர் எஸ். கே. டாண்டன் குழு 1990களில் அவற்றைத்தான் மண் படிந்து, காய்ந்து, மறுபடி நனைந்த நிலம் என்று வாசித்தது.

புதுமாணவன்:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். ஏரியில் படிந்த சுண்ணாம்புக்கும் சதுப்பில் படிந்ததற்கும் பாறையில் என்ன வித்தியாசம்?

சுக்கான்கல்:
நல்ல கேள்வி. ஆழமான, அமைதியான ஏரியடியில் வேர் இறங்காது. மெல்லிய படலங்கள் கலையாமல் கிடக்கும். சதுப்பில் தண்ணீர் ஆழமில்லை. வேரும் பூச்சியும் படலங்களைக் கலைத்துவிடும். தண்ணீர் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்கும், அதே துண்டுகள் மறுபடி ஒட்டிப் பாறையாகும். வேர் போன குழாய்களைச் சுண்ணாம்பு நிரப்பும். நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்கும்போது இரும்பு ஓரிடத்தில் கரைந்து சாம்பல் நிறமாகும், இன்னோரிடத்தில் துருப்பிடித்துச் சிவக்கும். அந்தத் திட்டுதான் புள்ளி அடுக்கின் புள்ளி. சுண்ணாம்பு முடிச்சுகளும் சும்மா வருவதில்லை. நம் ஊர்ச் சுக்கான் கல் மாதிரி மண்ணுக்குள்ளேயே மெதுவாகத் திரண்டவை.

இவற்றில் ஒன்று மட்டும் கிடைத்தால் நானும் நம்ப மாட்டேன். வேரும் வெடிப்பும் திட்டும் முடிச்சும் ஒரே அடுக்கில் சேர்ந்து வரவேண்டும்.

கடலோடி:
வேர் அலையாத்திக் காட்டிலும் இருக்கும். உயிர்ப்படிவத்துக்கு வாருங்கள். நீங்கள் அடுத்துக் காட்டப்போகும் காரோஃபைட் பாசி உவர்நீரிலும் வளரும்.

சுக்கான்கல்:
வளரும், மறுக்கவில்லை. ஆனால் லமேட்டாவில் அதனோடு நன்னீர் நத்தையும் ஆஸ்ட்ரகோடும் (ஓடுள்ள நுண்ணிய நீர் உயிரி) தானே வருகின்றன? கடல் இருந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க அரியலூர் போதும். டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியத்தின் இறுதிக் காலத்துக் கடல் அங்கே அம்மோனைட்டையும் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடல் உயிரி) சிப்பியையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. லமேட்டாவில் ஒரு அம்மோனைட் காட்டுங்கள்.

இன்னொன்று, டைனோசர் முட்டைகள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்ட லமேட்டாவில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டதாக 2023இல் ஆய்வு வந்தது.

கடலோடி:
ஆமைகூடக் கடற்கரையில்தான் முட்டையிடுகிறது!

சுக்கான்கல்:
இடட்டும். கடற்கரை மணல் இன்று இருக்கும், நாளை அலை எடுத்துப் போகும். ஜபல்பூரில் முட்டை கிடக்கும் மணற்பாங்கான சுண்ணாம்புக்கல்லில் மண்ணாக மாறிய தடயம் இருக்கிறது. அப்படி மாற நிலம் நீண்ட காலம் அசையாமல் வெளியே கிடந்திருக்கவேண்டும்.

கடலோடி:
சரி, முடிச்சு அடுக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பச்சை மணற்கல்லை விட மாட்டேன். கிளாக்கோனைட்டுக்குப் பதில் சொல்லவில்லையே?

சுக்கான்கல்:
அந்தப் பச்சைக் கனிமம் கிளாக்கோனைட்தானா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. மணல் சாய்வாகப் படிந்த குறுக்குப் படுகைகளைப் பார்த்து அதைப் பல கிளையாகப் பிரிந்து கூடும் பின்னல் ஆற்றின் மணல் என்றவர்களும் இருக்கிறார்கள். முகத்துவாரம் என்று நீங்கள் சொன்னால் அந்த ஒரு அடுக்குக்கு மட்டும் வாதாடத் தயார். அதற்கு மேலே கடலை ஏற்ற விடமாட்டேன்.

கடலோடி:
அப்போ சண்டை அந்த ஒரு அடுக்கோடுதான். அதன் மெல்லிய வெட்டுத் துண்டுப் படங்கள் (நுண்ணோக்கியில் பார்க்கச் சீவிய பாறைத் தகடு) யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள், மீதியை அதில் வைத்துக்கொள்ளலாம்.