வேப்பம்பூவும் ஒரு மில்லிமீட்டரும்

வேப்பங்கொழுந்து:

வேப்பமரம் பூத்திருக்கிறது. நின்று பார்த்தால் இலைகளுக்கு நடுவே அரிசி மாவைத் தூவின மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஒரு பூ ஒரு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். மிகக் கிட்டே எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை 1:1 வரை, அதாவது பூவின் அசல் அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும் வரை, கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் இது எவ்வளவு வேலைப்பாடான பூ என்று தெரிந்தது. ஐந்து இதழ்களும் பின்பக்கம் வளைந்து ஒதுங்கிக்கொள்கின்றன. நடுவில் வெள்ளைக் குழல் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. மகரந்தத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் அந்தக் குழலே ஆகியிருக்கிறது. அதன் வாய்க்குள் பத்து மகரந்தப் பைகள், வட்டமாக.

சிக்கல் அங்கேதான். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 8-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். துளையை இன்னும் சுருக்கி எஃப் 16-க்குப் போனால் 2 கிடைக்கும், ஆனால் சின்னத் துளை வழியாக வரும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கக் கொஞ்சம் மொழுக்கென்று ஆகிவிடும். குழலின் வாய் தெளிந்தால் இதழ் கலங்குகிறது, இதழ் தெளிந்தால் வாய் கலங்குகிறது.

நேருக்கு நேராக எடுப்பதை விட்டுவிட்டேன். பக்கவாட்டில் போய், குழலின் ஓரக்கோடும் இரண்டு இதழ்களும் ஒரே தளத்தில் வருகிற மாதிரி ஒரு பூவைத் தேடினேன். கொத்தில் இருக்கும் அத்தனை பூக்களில் அப்படி ஒன்றாவது கிடைக்கத்தான் செய்கிறது. கேமராவைச் சென்சார் அந்தத் தளத்துக்கு இணையாக இருக்கும்படி பிடித்தால் அதே ஒரு மில்லிமீட்டர் போதுமானதாகிவிடுகிறது. பூவைத் திருப்ப முடியாது, நாம்தான் சுற்ற வேண்டும்.

உங்களை எந்தப் பூ படுத்தியது, எது அள்ளிக் கொடுத்தது? சொல்லுங்கள்.

கைப்பேசிக்காரன்:

மேக்ரோ லென்ஸ் எல்லாம் என்னிடம் இல்லை. போன்தான். இப்போது பல போன்களில் அல்ட்ராவைட் லென்ஸே 2, 3 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் பண்ணுகிறது. வசதிதான், ஆனால் அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பூவின் மேல் விழுந்துவிடும். அதனால் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுப்பதில்லை. வெளிச்சம் பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வருகிற மாதிரி நிற்பேன். இதழ் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும்போது அதன் நரம்பெல்லாம் தெரியும்.

எனக்கு அள்ளிக் கொடுத்தது உண்ணிச்செடி. அதை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஒரே கொத்தில் நடுவே மஞ்சள், வெளிவட்டத்தில் இளஞ்சிவப்பு. இரண்டு வகைப் பூ என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் எல்லாம் ஒரே பூ, வயசுதான் வேறு. புதிதாக விரிந்தது மஞ்சளாக இருக்கும், நாள் போகப் போக நிறம் மாறும். தேன் மஞ்சளில்தான் இருக்கிறது, வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அது தெரியும். இது தெரிந்த பிறகு நான் பூச்சியைத் துரத்துவதே இல்லை. மஞ்சள் பூ இருக்கும் கொத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதுவாக வந்து இறங்கும்.

பழைய லென்ஸ்:

போன் நண்பர் சொன்ன வயசு விஷயம் ரொம்ப முக்கியம். லென்ஸைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம், எந்தப் பூவைத் தேர்ந்தெடுப்பது என்று பேசுவதே இல்லை. பழ மரங்கள் பூக்கும் பருவத்தில் நான் முதலில் பார்ப்பது மகரந்தப் பைகளைத்தான். பேரிப் பூவில் அவை புதிதாக இருக்கும்போது கருஞ்சிவப்பாக, வெள்ளை இதழுக்கு முன்னால் பளிச்சென்று நிற்கும். வெடித்த பிறகு சுருங்கிக் கறுத்துவிடும். ஆப்பிள் பூவில் அவை மஞ்சள். அதன் மொட்டுக்குத்தான் அழகு: மொட்டில் நல்ல ரோஸ் நிறம், விரிந்தால் ஏறக்குறைய வெள்ளை. பாதி விரிந்ததும் முழுசாக விரிந்ததும் ஒரே கொத்தில் இருக்கும்போது எடுத்தால் இரண்டு நிறமும் வந்துவிடும். எல்லாம் விரிந்த மரத்தில் கூட்டம் இருக்கும், படம் இருக்காது.

என் கருவி பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸும் எக்ஸ்டென்ஷன் டியூபும். டியூபுக்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளிவைப்பது மட்டும்தான் அதன் வேலை. கணக்கும் எளிது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் டியூப் மாட்டினால் பூவின் பாதி அளவில் பிம்பம் விழும், 50 மாட்டினால் அசல் அளவு. கைச்செலவு வெளிச்சம்தான். அசல் அளவில் இரண்டு ஸ்டாப் போய்விடும். ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. இவ்வளவு கிட்டே போனபின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். வேண்டிய இடம் தெளியும் நொடியில் அழுத்துங்கள். ஆட்டோ ஃபோகஸை நம்பினால் அது இதழுக்கும் பின்னணிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும்.

செம்பருத்தி:

ஆட்டோ ஃபோகஸை அப்படித் தள்ளிவிட வேண்டாம் ஐயா, புது மிரர்லெஸ் கேமராக்களில் எவ்வளவோ தேறிவிட்டது. மற்றபடி சாய்கிற வித்தையை ஒத்துக்கொள்கிறேன்.

என்னைப் படுத்தியது சிவப்பு. செம்பருத்தியைக் கிட்டே எடுத்தால் இதழில் இருக்கும் வரியும் மடிப்பும் காணாமல் போய், சிவப்புப் பெயின்ட் ஊற்றின மாதிரி ஆகிவிடும். ஹிஸ்டோகிராம் (இடதில் இருள், வலதில் வெளிச்சம் என்று காட்டும் கேமரா வரைபடம்) பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டும். ஏனென்றால் பொதுவாகக் காட்டும் ஒற்றை வளைகோட்டில் சிவப்பு நிரம்பி வழிவது சரியாகத் தெரியாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிப் பார்த்தேன். பச்சையும் நீலமும் இடது பக்கம் பம்மிக்கிடக்க, சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அன்றிலிருந்து சிவப்புப் பூவுக்கு முக்கால் ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன். கேமரா மெருகேற்றாத ரா ஃபைல்தான். பிறகு கணினியில் சிவப்பின் செறிவைக் கொஞ்சம் தணித்தால் வரிகள் திரும்பி வந்துவிடும். நேர் வெயிலைத் தவிர்ப்பதும் உதவும்.

வரிகள் வந்த பிறகுதான் நடுத்தண்டு கண்ணில் பட்டது. அதன் நுனியில் ஐந்து சிறு உருண்டைகள், வெல்வெட் மாதிரி முடியோடு. கீழே ஒவ்வொரு மகரந்தப் பையிலும் மகரந்தம் மணி மணியாக ஒட்டியிருக்கிறது. செம்பருத்தி மகரந்தம் பெரிது, தூளாகத் தெரியாமல் தனித்தனி மணியாகவே தெரியும்.

நீலமும் லேசுப்பட்டதில்லை. ஃபிலிம் காலத்தில் சில நீலப் பூக்கள் படத்தில் இளஞ்சிவப்பாக மாறி வரும். நம் கண்ணுக்கு எட்டாத சிவப்பின் கடைசி விளிம்பை அந்தப் பூக்கள் நிறையப் பிரதிபலிக்கும். கண் விட்டுவிடும், ஃபிலிம் பிடித்துக்கொள்ளும். அஜரேட்டம் என்ற பூவில் இது அதிகம் என்பதால் அந்தக் கோளாறுக்கே அதன் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஒளிவேட்டை:

சிவப்புக்குக் குறைக்க வேண்டும், வெள்ளைக்கு ஏற்ற வேண்டும். செர்ரி, பாதாம் மாதிரி வெள்ளைப் பூ ஃப்ரேமை நிறைத்தால் கேமரா அதை நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வைப்பேன். இதழ் வெளுத்து விவரம் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மேகமூட்டம் எனக்குப் பிடித்த வெளிச்சம். ஆனால் வெளிறிய வானத்தைப் பின்னணியாக வைத்து வெள்ளைப் பூவை எடுக்காதீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். கேமராவை நாலு விரற்கடை நகர்த்தினால் பின்னணிக்கு அடிமரத்தின் கறுப்பு வந்துவிடும். இந்த அளவில் சின்ன நகர்வுக்குக் கிடைக்கும் பலன் ரொம்பப் பெரிது.

காற்றுக்கு என்ன செய்கிறீர்கள்? நான் விடியற்காலையில் போகிறேன், அப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். காம்பைப் பிடிக்க இரண்டு பக்கமும் கிளிப் உள்ள வளையும் கம்பி வைத்திருக்கிறேன். ஃபிளாஷ் போட்டால் அசைவு நின்றுவிடும்தான், ஆனால் பின்னணி கறுத்துப் பட்டப்பகல் நள்ளிரவு மாதிரி ஆகிவிடுகிறது. அது எனக்கு ஒத்துவரவில்லை.

செம்பருத்தி:

பின்னால் ஒரு பெரிய இலையை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் அதன் மேலும் விழும், நள்ளிரவு வராது.

வேப்பங்கொழுந்து:

நல்ல யோசனை. ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யலாமே என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபோகஸை நூலளவு நகர்த்தி நகர்த்தி வரிசையாக எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் ஒன்றுசேர்ப்பது அருமையான முறைதான். ஆனால் மரத்தில் இருக்கும் பூ அதுவரை அசையாமல் இருக்க வேண்டுமே! பறித்துக்கொண்டு போய் அறையில் வைத்து எடுத்தால் நடக்கும். கார்ல் பிளாஸ்ஃபெல்ட் அப்படித்தான் செய்தார். பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியர், 1932-இல் இறந்தவர். பறித்த செடிகளை வெற்றுப் பின்னணியில் நிறுத்தி, தானே செய்த கேமராவில் பல மடங்கு பெரிதாக்கி, மாணவர்களுக்கு வடிவம் சொல்லித்தர எடுத்தார். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் மூச்சு நிற்கிறது. எனக்கு என்னவோ பறிக்க மனசு வருவதில்லை. கொஞ்சம் கலங்கினாலும் கிளையிலேயே இருக்கட்டும்.

தும்பை:

எனக்குப் பூவை விடப் பூவில் இருந்ததுதான் கிடைத்தது. வெள்ளைச் சாமந்தி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. வழக்கமாக ஒரு படத்துக்குக்கூட நிற்காது, இது நகரவே இல்லை. இன்றைக்கு நமக்கு நல்ல நேரம் என்று வரிசையாக எடுத்துத் தள்ளினேன். காற்றில் பூ ஆடியது, தேனீயும் கூடவே ஆடியது, ஆனால் ஒரு கால்கூடத் தூக்கவில்லை.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தேனீயின் கழுத்துக்குக் கீழே, இதழோடு இதழாக, அதே வெள்ளையில் ஒரு நண்டுச் சிலந்தி. முன்னங்கால்களை அகல விரித்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது வலை பின்னாது, பூவிலேயே காத்திருந்து பிடிக்கும். இந்த இனங்களில் சில, உட்கார்ந்த பூவுக்கு ஏற்ப வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கும் திரும்ப வெள்ளைக்கும் மாறும். அதற்குச் சில நாள் பிடிக்குமாம்.

இப்போதெல்லாம் பூவில் அசையாத பூச்சியைக் கண்டால் முதலில் அடியில்தான் பார்க்கிறேன். இன்னும் கிட்டே போக நினைத்தேன், ஆனால் என் லென்ஸ் 60 மில்லிமீட்டர். முனை பூவைத் தொட்டுவிடும் போல் நெருங்கியது, சிலந்தி தேனீயை இழுத்துக்கொண்டு இதழுக்குப் பின்னால் போய்விட்டது. இதற்கு எந்த லென்ஸ் நல்லது?

பழைய லென்ஸ்:

100 மில்லிமீட்டர் மேக்ரோ. 1:1 அளவிலும் லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் நடுவே அரைச் சாணுக்கு மேல் இடம் இருக்கும். பூச்சிக்கும் கூச்சம் வராது, உங்கள் நிழலும் விழாது. புதிது வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு காலைப்பொழுது பார்த்துவிடுங்கள். எடை கூடுதல், கை ஆடும்.