கை அசையாதவருக்கு ஏற்ற கைபேசி எது?

கேள்வி: கழுத்துத் தண்டுவடக் காயத்தால் என் தந்தைக்குக் கைகள் அசைவதில்லை, பேச்சு தெளிவாக உள்ளது. பிறர் உதவியின்றி அவர் அழைப்பை ஏற்கவும் துண்டிக்கவும் எந்தக் கைபேசி வாங்கலாம்?

மறுமொழி 1: ஐபோனின் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்) அமைப்புகளில் அழைப்பைத் தானாக ஏற்கும் வசதி உள்ளது, கூடவே ஒலிபெருக்கியையும் தேர்ந்து வையுங்கள், இல்லையெனில் அழைப்பு இணைந்தாலும் குரல் காதுக்கு எட்டாது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16 முதல், அமைப்புகளில் முன்கூட்டியே அனுமதித்திருந்தால், அதன் குரல் உதவியாளரான 'சிரி'யிடம் சொல்லியே அழைப்பைத் துண்டிக்கலாம்.

மறுமொழி 2: ஆண்ட்ராய்டில் 'வாய்ஸ் ஆக்சஸ்' செயலி திரையிலுள்ள பொத்தான்களுக்கு எண்ணிடும், எண்ணைச் சொன்னால் போதும். புளூடூத் காதொலிப்பான் மட்டும் வேண்டாம். கழன்று விழுந்தால் யார் மாட்டிவிடுவது? சக்கர நாற்காலியில் பொருத்தும் வளையும் தாங்கியே மேல்.

மறுமொழி 3: தானாக ஏற்கும்போது விளம்பர அழைப்புகளும் நுழைந்துவிடும் என்பதால், 1909 எண்ணில் முதலில் தடைப்பதிவு செய்துவிடுங்கள்.