முதியோர் இல்லத்தில் துணையையோ அடையாளத்தையோ மறைக்க வேண்டியிருந்ததா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

டர்பனிலிருந்து:
ஆணும் ஆணும் உடலுறவு கொள்வது தென்னாப்பிரிக்காவில் 1998 வரை குற்றம். அந்தப் பயத்திலேயே வாழ்ந்தவர் எங்கள் சித்தப்பா. கூடவே இருந்த அங்கிளை ஊருக்கு 'வாடகைக்கு இருப்பவர்' என்றே சொல்லி வந்தார். பக்கவாதம் வந்து இல்லத்தில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் 'மனைவி பெயர்' என்ற இடத்தைக் காலியாக விட்டு, நெருங்கிய உறவு என்று என் பெயரைப் போட்டார். சாயங்காலப் பார்வை நேரம் குடும்பத்துக்கு மட்டும். அங்கிளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரே பாலினத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்ய வழிவிடும் சிவில் யூனியன் சட்டம் 2006லேயே வந்துவிட்டது. இவர்கள் பதிவு செய்யவில்லை. ஆனால் தேசிய சுகாதாரச் சட்டத்தைப் பாருங்கள். நோயாளியால் முடிவெடுக்க முடியாமல் போனால், அவர் எழுத்தில் நியமித்தவர்தான் சம்மதம் தரவேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் கணவன், மனைவி அல்லது துணை. அண்ணன் தம்பியெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கிளை நியமிப்பதாக எழுதி, சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கி, இல்லத்தின் பொறுப்பாளரான மேட்ரனிடம் கொடுத்தேன். மறுநாளே அங்கிள் உள்ளே போனார். பார்வை நேரத்துக்கு அந்தத் தாள் தேவையே இல்லை, அது வேறு விஷயம்!

டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து, பராமரிப்புப் பணியாளர்:
எங்களிடம் வந்த ஒரு திருநங்கை அம்மாவின் அடையாள அட்டையில் 'ஆண்' என்று இருந்ததால் ஆண்கள் பகுதியில் படுக்கை போட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி அட்டையில் உள்ள பாலினத்தை மாற்றலாம், மருத்துவ அறிக்கைகள் வேண்டும். அந்த வயதில் யார் அலைவது? குளிப்பாட்டும்போதுதான் பெரிய சிக்கல். ஆண் பணியாளர் வந்தால் உடம்பைச் சுருட்டிக்கொள்வார். 'யார் குளிப்பாட்டினால் உங்களுக்குச் சரி?' என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டபின், பெண்ணான நான் போனேன். ஆடியில் கஞ்சி ஊற்றியபோது பெண்களோடு உட்கார்ந்து பூ தொடுத்தார். ஒரு பாட்டி முணுமுணுத்தார், அப்புறம் நூல் கேட்டார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாதா?

டர்பனிலிருந்து:
ஒரே மாதிரி நடத்தித்தானே அங்கிள் வாசலில் நின்றார்? சேர்க்கும்போது பாகுபாடு காட்டக்கூடாது என்று முதியோர் சட்டமே சொல்கிறது. இப்போது அந்த விண்ணப்பத்தில் 'துணை' என்று மாற்றியிருக்கிறார்கள். பார்வை நேர விதி மட்டும் இன்னும் சுவரில் அப்படியே ஒட்டியிருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.