அட்டையில் எழுதிய இனம்: ருவாண்டா, தென்னாப்பிரிக்கா அனுபவங்கள்

கிகாலியில் ஆசிரியராக இருந்தவர்:

1994இல் ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சி இனத்தவரைக் கொன்று குவித்த ருவாண்டாவில் வேலை பார்த்தேன் என்றதும் பலரும் கேட்பது, "எப்படி அடையாளம் கண்டு வெட்டினார்கள்?" என்பதுதான். எல்லாரும் பேசுவது கின்யருவாண்டா. கும்பிடுவது ஒரே தேவாலயத்தில். கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள். முகம் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதவர்களை ஓர் அட்டை பிரித்துவைத்தது. 1930களில் பெல்ஜிய ஆட்சி கொடுத்தது அது. சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களும் அதை விடவில்லை. அந்த அட்டையைத் தலைநகர் கிகாலியில் உள்ள படுகொலை நினைவகத்தில் பார்த்தேன். ஹூட்டு, டுட்சி, ட்வா என்று இனப் பெயர்களை வரிசையாக அச்சிட்டிருக்கும். பொருந்தாதவற்றை அதிகாரி பேனாவால் அடித்திருப்பார். 1994 ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் நின்ற கொலையாளிகள் பார்த்தது அடிக்காமல் விட்ட அந்தப் பெயரைத்தான்.

"அட்டையைத் தூக்கி எறிந்திருக்கலாமே?" என்று உடன் வேலை பார்த்த பெரியவரிடம் கேட்டேன். "அட்டை இல்லை என்றாலே டுட்சி என்று முடிவு கட்டிவிடுவார்கள். என் அண்ணன் அப்படித்தான் போனார்" என்றார்.

நியமாட்டா தேவாலயத்துக்கு என்னை அழைத்துப் போனவரும் அவர்தான். கூரைத் தகரமெல்லாம் துளை. அதன் வழியே வெயில் புள்ளி புள்ளியாக உள்ளே விழுகிறது. பலகை இருக்கைகளில் இறந்தவர்களின் துணிகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மண் நிறமாகிவிட்டன. கைக்குழந்தையின் சட்டையும் கிடந்தது. 1992இல் இந்த வட்டாரத்தில் டுட்சிகளைத் தாக்கியபோது தேவாலயத்துக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் 1994இலும் ஓடி வந்தார்கள். இந்த முறை உள்ளேயே கொன்றுவிட்டார்கள். 1992 கொலைகளை வெளிநாட்டு வானொலிகளுக்குத் தொலைபேசியில் சொன்ன இத்தாலியப் பெண் அந்தோனியா லொக்காத்தெல்லியைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. உலகத்துக்குத் தெரியாமல் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஊரே பிணக்காடாகிக்கொண்டிருந்த ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை அங்கிருந்த தன் அமைதிப்படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் மாண்டார்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்ப்பவர்:

இங்கும் அன்று இப்படி ஓர் அட்டைதான், ஐயா. நிறவெறி ஆட்சியில் கறுப்பினத்தவர் நகரத்தில் இருக்க எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம், அதைத்தான் பாஸ் என்பார்கள். எங்கள் அலுவலகக் காவலாளி தன் தாத்தாவின் பாஸ் புத்தகத்தை பாலித்தீன் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் முதலாளியின் மாதக் கையெழுத்து. ஒரு மாதம் விட்டுப்போனாலும் நகரத்தில் அன்று கைதுதான். இந்தப் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் "பாஸ் ஒழிப்பு" என்று இருப்பதைப் படித்தபோது வயிறு எரிந்தது. 1956 ஆகஸ்ட் 9 அன்று இருபதாயிரம் பெண்கள் நிர்வாகத் தலைநகர் பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போனது இதை எதிர்த்து. 1960இல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்ததும் இதை எதிர்த்து நின்றதற்காக. 1986 வரை இந்தச் சட்டங்கள் இருந்தன. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது, அவ்வளவு சமீபம்.

தான்சானியாவின் அருஷாவில் கணக்காளராக இருந்தவர்:

ருவாண்டா வழக்குகளை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயம் அருஷாவில்தான் இருந்தது. பார்வையாளர் பகுதியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சில நாள் கேட்டிருக்கிறேன். சாட்சிகள் திரை மறைவில் பேசுவார்கள். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து. டாபா ஊர் மேயர் ழான்-போல் அக்காயேசு வழக்கில் "ஜே" என்ற சாட்சி, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்த வன்கொடுமையைச் சொன்னார். அதுவரை குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லை. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பஸ் ஓட்டுநர் மகளாகப் பிறந்து, நிறவெறிச் சட்டங்களுக்குக் கீழே வழக்கறிஞர் தொழில் செய்தவர். பெண் சாட்சிகளை நீதிபதிகள் மேலும் கேட்கக் கேட்க, குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையாகலாம் என்று சர்வதேச நீதிமன்றங்களின் வரலாற்றில் முதன்முறையாகச் சொன்னது. அக்காயேசுவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.