லண்டன் அண்ணா ஃபராஜ் பக்கம் போய்விட்டார், இனி என்ன சொல்ல?

உப்புவெளியான்

ஞாயிற்றுக்கிழமை அண்ணாவோடு வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டிருந்தேன். 1999இல் திருகோணமலை அன்புவழிபுரத்திலிருந்து வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரனை நம்பி நாலு நாடு சுற்றி, கடைசியில் லொறிக்குள் ஒளிந்து லண்டன் போய்ச் சேர்ந்தவர். அகதி விண்ணப்பம், நிராகரிப்பு, அப்பீல் எல்லாம் பார்த்தவர். இப்போது பிரிட்டிஷ் பாஸ்போர்ட், சொந்தக் கடை. அடுத்த தேர்தலில், குடிவரவை எதிர்க்கிற நைஜல் ஃபராஜின் ரிஃபோம் கட்சிக்குத்தான் வாக்குப் போடுவாராம்.

முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். மனுசன் கொஞ்சமும் சிரிக்கவில்லை. "கொன்சவேட்டிவ் 14 வருசம் இருந்து ஒன்றும் கிழிக்கவில்லை, லேபர் வந்த கையோடு கிழவன் கிழவியின் குளிர்காலக் காசில் கை வைத்தான், பிறகு சனம் கத்தத் திருப்பிக் கொடுத்தான், டொக்டரைப் பார்க்க மூன்று கிழமை காத்திருக்க வேண்டியிருக்கு, இனி எவனை நம்பச் சொல்கிறாய்" என்று கேட்டார்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். எங்கள் வீட்டில் அப்பப்பா காலத்திலிருந்து தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம்தான். அதைத் தாண்டி 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டவன் நான். எங்கள் ஒழுங்கையில் ஒரு லைட் போடச் சொல்லி எத்தனை பேர் வீட்டு வாசலில் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். திருகோணமலையின் நாலு ஆசனத்தில் இரண்டு தேசிய மக்கள் சக்திக்குப் போனது என்னைப் போன்றவர்களால்தானே. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அவர்களின் தலைவர் அநுர எடுத்தது 3 வீதம், ஐந்து வருடத்தில் ஜனாதிபதி. வெறுத்துப்போன சனம் இப்படித்தான் செய்யும். எனவே அங்கே தீவிர வலதுசாரிகளுக்குப் போடுகிறவர்களை எல்லாம் இனவாதி என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பிழை பெரிய கட்சிகளில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மணிக்கூட்டுக் கோபுரம்

உங்கள் அண்ணாவின் கோபத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் கோபத்தை யாருடைய தலையில் கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதுதான் கேள்வி. நீங்கள் திசைகாட்டிக்குப் போட்டது கள்ளரைத் துரத்த. ஃபராஜ் துரத்தப்போவதாகச் சொல்வது 1999இல் லொறியில் வந்த உங்கள் அண்ணா மாதிரி ஆட்களை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

2025 செப்டெம்பரில் அந்தக் கட்சி என்ன அறிவித்தது என்று அண்ணாவிடம் கேளுங்கள். நிரந்தர வதிவிட அனுமதி என்ற ஒன்றையே இல்லாமல் செய்வார்களாம். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஏற்கனவே எடுத்து வைத்திருப்பவர்களும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விசா புதுப்பிக்க வேண்டிவரும், அதற்குச் சம்பள வரம்பும் இருக்கும். அண்ணாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, சரி. குடும்பத்தில் எல்லோரிடமும் இருக்கிறதா?

உப்புவெளியான்

எல்லோரிடமும் இல்லை. அண்ணியின் தம்பி 2022இல் பராமரிப்பு வேலை விசாவில் போனவன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்கவில்லை. அது இருக்கட்டும்.

நான் கேட்பது வேறு. 2024 ஜூலையில் லேபர் எடுத்தது 33.7 வீத வாக்கு, ஆசனம் 411. ரிஃபோம் எடுத்தது 14.3 வீதம், ஆசனம் வெறும் 5. வாக்குச்சாவடிக்குப் போனவர்களே நூற்றுக்கு அறுபது பேர்தான். மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பங்கு பாராளுமன்றத்தைப் பிடித்தால் மற்றச் சனத்துக்கு வயிறு எரியாதா? இங்கே விகிதாசார முறை இருப்பதால் எங்களுக்கு அந்த எரிச்சல் விளங்காது.

ஸ்ருட்காட் மச்சாள்

தம்பி, நான் திருக்கடலூர்ப் பிள்ளை, ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. இங்கே விகிதாசார முறைதான். அப்படியிருந்தும் என்ன நடந்தது? 2025 பெப்ரவரியில், குடிவரவை எதிர்க்கிற தீவிர வலதுசாரிக் கட்சி ஏ.எஃப்.டி. 20.8 வீதம் எடுத்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தின தேர்தலில் 10.4. அப்படியே இரட்டிப்பு. சனம் வெறுத்துப்போய் வீட்டில் இருந்ததால் இவர்கள் வென்றார்கள் என்றும் சொல்ல முடியாது. அந்தத் தேர்தலில் 82.5 வீதம் பேர் வாக்களித்தார்கள், இரண்டு ஜேர்மனியும் ஒன்றான பிறகு அதுதான் ஆகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்ததே அந்தக் கட்சிதான்.

இன்னொன்றையும் பாருங்கள். அவர்களுக்கு ஆகக் கூடுதலாக வாக்கு விழுவது கிழக்கு ஜேர்மனியில். வெளிநாட்டுக்காரர் ஆகக் குறைவாக இருக்கிற பக்கமும் அதுதான். தூரிங்கன் மாநிலத்தில் 2024இல் முதலாம் இடமே எடுத்தார்கள். அங்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டு, இளம் பிள்ளைகள் மேற்குக்குப் போய், ஊர் கிழடாகிப்போனது. அந்தக் கவலை உண்மை. அதற்கும் சிரியாக்காரனுக்கும் என்ன சம்பந்தம்?

நான் வேலை செய்வது வயோதிபர் இல்லத்தில். கூட வேலை செய்கிற ஒரு மனுசி, நல்ல மனுசி, எனக்குப் பிறந்தநாள் கேக் செய்துகொண்டு வந்தவள். அவள் ஏ.எஃப்.டி.க்குத்தான் போட்டாளாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு "உன்னைச் சொல்லவில்லை, நீ வேலை செய்கிறவள்தானே" என்றாள். அந்த ஒரு வசனத்தை என்ன செய்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

நிலாவெளி காற்று

பஸ் ஏறி உள்ளே வந்தவுடன் "இனி ஒருவரையும் ஏற்றாதே, றைற்" என்று கொண்டக்டரை விடப் பலமாகக் கத்துகிற ஆள் எல்லா பஸ்ஸிலும் ஒருத்தர் இருப்பார். அண்ணா அந்த ஆள். 😄

பழைய வாத்தியார்

பிள்ளைகள் ஐரோப்பாவைப் புதினமாகப் பார்க்கிறீர்கள். நாங்கள் இந்தப் படத்தை எழுபது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டோம்.

1952இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 54 ஆசனம். அடுத்த வருடமே அரிசி மானியத்தை வெட்டி, ஒரு கொத்து 25 சதமாக இருந்ததை 70 சதமாக்கினார்கள். ஹர்த்தால் வெடித்தது, துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்தார்கள், பிரதமர் டட்லி பதவியை விட்டுப் போனார். சனத்தின் கோபம் அரிசியில்தான் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள். எதிர்க்கட்சியில் இருந்த பண்டாரநாயக்க அந்தக் கோபத்தை எடுத்து "24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும்" என்று மொழிப் பக்கம் திருப்பிவிட்டார். ஐக்கிய தேசியக் கட்சி என்ன செய்தது? பயந்துபோய் 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் தானும் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் போட்டது. ஏப்ரலில் தேர்தல். 54 எட்டாகியது.

அந்த வருடம் ஓகஸ்டில்தான் தமிழரசுக் கட்சியின் திருமலை மாநாடு. எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா துறைமுகத்தில் கிளார்க், வெள்ளைக்காரக் கடற்படை இன்னும் போகவில்லை. நடந்து வந்த சனத்துக்கு எங்கள் தெருவில் மோர் ஊற்றினது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் பண்டா செல்வா ஒப்பந்தம், பிரதமரான பண்டாரநாயக்கவும் தமிழரசுத் தலைவர் செல்வநாயகமும் செய்தது. அதை எதிர்த்துக் கண்டிக்கு ஊர்வலம் போனது யார்? ஏதோ விளிம்பில் நின்ற கூட்டமா? ஜே.ஆர். போனார், ஐக்கிய தேசியக் கட்சி போனது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு முன்னால் குந்தியிருந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. 2004இல் பிக்குகளே தனிக் கட்சியாக நின்று 9 ஆசனம் எடுத்தபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் படவில்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பெரிய கட்சி இரண்டும் அரை நூற்றாண்டுக்கு முன்பே முடித்து வைத்துவிட்டன.

அதனால் உப்புவெளித் தம்பி, பிழை பெரிய கட்சிகளில் என்று நீர் சொல்வது சரி. ஆனால் நீர் நினைக்கிற பிழை வேறு, நான் சொல்கிற பிழை வேறு.

உப்புவெளியான்

சேர், வணக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வலதுசாரிகள் சொல்வதைப் பெரிய கட்சி எடுத்தால் தோற்கும் என்பது எல்லா இடத்திலும் சரியா? டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே சமூக ஜனநாயகக் கட்சி, இடதுசாரிதான், குடிவரவில் கடும் போக்கு எடுத்தது. 2015இல் 21 வீதம் வைத்திருந்த டெனிஷ் மக்கள் கட்சி 2019இல் 8.7க்கு விழுந்தது, 2022இல் 2.6. சனம் எதற்குப் பயப்படுகிறதோ அதைக் கேட்டுச் செய்தார்கள், தீவிரக் கட்சி ஒடுங்கிப்போனது. காது கொடுத்தால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மணிக்கூட்டுக் கோபுரம்

டென்மார்க் கணக்கு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கட்சி ஒடுங்கியதே தவிர அதன் சட்டம் ஒடுங்கவில்லையே. அகதியின் நகையையும் காசையும் பறிமுதல் செய்யலாம் என்று 2016இல் சட்டம் கொண்டுவந்த நாடு அது. அங்கே போய் நிற்கிற அகதிக்குச் சட்டத்தை எந்தக் கட்சி எழுதினால் என்ன?

அதோடு ஜேர்மனியில் அது சரிவரவில்லை. 2025 ஜனவரி கடைசியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மேர்ட்ஸ் குடிவரவைப் பற்றிய ஒரு தீர்மானத்தை ஏ.எஃப்.டி.யின் வாக்கோடு பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார். அடுத்த மாதம்தான் மச்சாள் சொன்ன 20.8. பிரிட்டனில் லேபர் பிரதமராக ஸ்டார்மர் 2025இல், நாடு "அந்நியர்களின் தீவு" ஆகிவிடும் என்று பேசினார், பிறகு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டார். நிரந்தர வதிவிடத்துக்கு 5 வருடக் காத்திருப்பை 10 ஆக்கப்போவதாக அறிவித்ததும் லேபர்தான். அண்ணா லேபரிடம் திரும்பி வந்தாரா? அசல் கடை பக்கத்திலேயே இருக்கும்போது நகல் கடைக்கு எவன் போவான்.

இத்தாலியும் நல்ல பகிடி. வலதுசாரித் தலைவி மெலோனி குடியேறிகளுக்கு எதிராகப் பேசிப் பேசியே 2018இல் 4 வீதமாக இருந்த கட்சியை 2022இல் 26 வீதமாக்கினார். ஆட்சிக்கு வந்ததும் மூன்று வருடத்துக்கு நாலரை லட்சம் வேலை விசா கொடுக்கத் திட்டம் போட்டார். தக்காளி ஆய ஆள் வேண்டுமே!

கிண்ணியாப் பொடியன்

வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், ஆனால் வாத்தியார் சேர் 2004இல் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் சொல்லத்தானே வேணும்.

2014 அளுத்கமயிலும் 2018 திகனயிலும் எங்கள் முஸ்லிம் ஆட்களைத் தாக்கினார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஆட்களின் கடைக்குப் போகாதே என்ற பிரசாரம். கொவிட் காலத்தில் இறந்த எங்கள் ஆட்களின் மையித்துகளை, அடக்க விடாமல், எரித்தார்கள், 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். அப்போது நடந்தது நீங்கள் ஐரோப்பாவில் காட்டுகிறது எல்லாம் சேர்ந்ததுதான்.

அந்த நேரம் பேஸ்புக்கில் "இவங்களுக்கு வேணும்" என்று எழுதினவர்களில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன. திருகோணமலையில் என்னோடு ரியூஷனுக்குப் போன பொடியன் ஒருத்தனும் எழுதினான். நான் சண்டைக்கு இழுக்கவில்லை அண்ணா. உங்கள் லண்டன் அண்ணாவைப் பற்றி வாசிக்கும்போது அவன்தான் நினைவுக்கு வந்தான். அவனுக்கும் உண்மையான கவலைகள் இருந்திருக்கும். வேலை இல்லை, காணி இல்லை. ஆனால் அவன் என்னைப் பார்த்தானே தவிர, காணியைப் பிடித்து வைத்திருந்தவனைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை என்று தெரியும். 2018இல் ஒரு பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயாவை வைத்து நடந்த கூத்தில் இரண்டு பக்கமும் எழுதினதை நான் மறக்கவில்லை.

உப்புவெளியான்

தம்பி, இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அப்படி எழுதினவர்களை எனக்கும் தெரியும். அப்போது ஒன்றும் சொல்லாமல் கடந்து போனேன்.

நிலாவெளி காற்று

சரி, திசைகாட்டிக்குப் போட்டவரே, திருகோணமலைக் கடற்கரையில் புதிதாக வைத்த அந்தப் புத்தர் சிலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? 🤔

உப்புவெளியான்

எழுதத்தான் வந்தேன். 2025 நவம்பர் 16 இரவு பொலிஸ் வந்து சிலையை எடுத்தபோது, பார், இது வேறு மாதிரி அரசாங்கம் என்று அண்ணாவுக்கு மெசேஜ் போட்டவன் நான். அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள், பாதுகாப்புக்காகத்தான் எடுத்தோம் என்றார்கள். 159 ஆசனம் வைத்திருக்கிற அரசாங்கம் ஒரு நாள் தாக்குப்பிடிக்கவில்லை. எதிர்க்கட்சிகள் கத்தின, பிக்குகள் கத்தினார்கள், முடிந்தது. 2005இல் சந்தைப் பக்கம் இரவோடிரவாகச் சிலை வைத்தபோது கடை பூட்டி ஹர்த்தால் செய்த ஊர் இது. வாத்தியார் சொன்ன 1958 இங்கே இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது போல.

என்றாலும் வீட்டுச் சின்னத்துக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்குக் கிழக்கில் பல சபைகள் திரும்பவும் அவர்களிடம் போயின. எங்கள் ஒழுங்கை லைட் இன்னும் எரியவில்லை.

ஸ்ருட்காட் மச்சாள்

அண்ணாவோடு திரும்பக் கதைத்தீர்களா தம்பி?

உப்புவெளியான்

நேற்று. வதிவிட அனுமதி விசயத்தைச் சொன்னேன். "அது எங்களுக்கு இல்லையடா, சோம்பேறியாய் இருந்து காசு எடுக்கிறவங்களுக்கு" என்றார். உங்களோடு வேலை செய்கிற மனுசி சொன்ன அதே வசனம், தமிழில். பின்னால் அண்ணி நின்றதை நான் காணவில்லை. "என்ர தம்பி எந்தக் கணக்கில வாறான்" என்று கேட்டா. அண்ணா கடைக்கு ஆள் வந்திட்டுது என்று போனை வைத்துவிட்டார். அங்கே அப்போது இரவு பதினொரு மணி.